அமெரிக்கா விழுந்த வருஷம்

நண்பரே,

இன்று காலை குசினியில் அரிசிப் பெட்டியைத் திறக்கப் போனபோது மூடி கையோடு பிசுபிசுத்தது. இரவு மழையில் கூரை ஒழுகிப் பலகை ஊறிப்போயிருந்தது. வெளியே கொண்டுபோய் வேலியில் சாத்தி, ஈரத் துணியால் மாவையும் புகையையும் துடைத்தேன். நீலம் தெரிந்தது. தேயிலைப் பெட்டிப் பலகைகள் இரண்டைச் சேர்த்து ஆணியடித்து, சுண்ணாம்பு பூசி, வெள்ளை வேட்டிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து நீர் வரைந்த அத்திலாந்திக் சமுத்திரம். அதற்கு மேற்கே அமெரிக்கா. புளோரிடாவை எலி தின்றுவிட்டது. மற்றதெல்லாம் இருக்கிறது.

நீர் இறந்துவிட்டீர் என்ற தபாலட்டை வந்து பதினொரு நாள். உம்முடைய மாமன் மகன் துறையூர்ப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். மஞ்சட்காமாலை, மூன்று கிழமை படுக்கை, பிறகு முடிந்தது. மாதம், தேதி, காலை எத்தனை மணி என்பது வரைக்கும் தெளிவாக எழுதியிருக்கிறார். நான் அழவில்லை. பள்ளிக்கூடம் போனேன், பாடம் எடுத்தேன், வந்து படுத்தேன். தோட்டத்துக்குப் போய் உம்முடைய ஆட்களிடம் சொல்லவேண்டும் என்று தெரிந்தும் போகாமல் இருந்தேன். இன்று அந்த நீலத்தைக் கண்ட பிறகுதான் வேலியடியில் நின்று அழுதேன். பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மூடி நனைந்ததற்கா இந்த மனுஷன் இப்படி அழுகிறான் என்று நினைத்திருப்பார்.

பதுளையில் ஆசிரியர்களுக்கு நடந்த சனிக்கிழமை வகுப்பில்தான் நாம் பழகினோம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து டவுன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவன். நீர் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாரானவர். ஐந்து வகுப்புக்கும் ஒரே கூடம், ஒரே வாத்தியார். என்னைவிட நாலு வயசு இளையவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே உம்மை 'நீர்' என்றுதான் விளித்தேன். எங்கள் ஊரில் சமமானவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை அது. நீர் நெளிந்தீர்.

"எங்க பக்கம் நீர்னு யாரும் பேசுறதில்லைங்க மாஸ்டர். கோர்ட்டுக் கூண்டுல நிக்கிற மாதிரி இருக்கு."

"பழகிப் போயிடும்" என்றேன். பழகித்தான் போயிற்று.

வாசிகசாலையில் பழைய அமெரிக்கப் படப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாகக் கழித்துவிட்டார்கள். ஏதோ ஒரு துரை வீட்டிலிருந்து வந்தவை. இரண்டு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்து இதழ்கள். நாம் இருவரும் சுமந்து வந்து என்னுடைய அறைத் தரையில் பரப்பினோம். முதற் கட்டில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டு கார் ஓட்டும் பெண்கள், வீட்டுக்கு வீடு வானொலி, தெருவுக்குத் தெரு நடனம், பங்கு வாங்கிப் பணக்காரனாகிவிட்ட முடிதிருத்துபவர். அடுத்த கட்டை அவிழ்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. தொப்பி போட்ட ஆண்கள் ஒரு கிண்ணம் சூப்புக்காக வீதி நீளத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். மூடிய பாங்குக் கதவைக் கூட்டம் முட்டுகிறது. விலை இல்லையென்று பாலை வீதியில் கொட்டுகிறார்கள். மேற்கே மழை பொய்த்து, உழுத மண்ணெல்லாம் காற்றில் எழும்பி ஊரை மூடுகிறது. கூரைமேல் மெத்தையும் கோழிக்கூடும் கட்டிய காரில் ஒரு குடும்பம் புறப்படுகிறது.

அந்தக் காரை நீர் வெகுநேரம் பார்த்தீர். "எங்களுக்குக் காரு இல்ல. மத்தபடி இதேதாங்க" என்றீர்.

இன்னொரு பக்கத்தை நான் புரட்டிவிடப் போனேன். நீர் கையை வைத்துப் பிடித்துக்கொண்டீர். ரயில் நிலையத்தில் மூட்டைகளோடு மெக்சிகோக்காரர்கள். பண்ணைகளில் பழம் பறிக்க வந்தவர்கள். வேலை இல்லாமற் போனதும் உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று அவர்களை ரயிலேற்றினார்கள் என்று வாசித்துச் சொன்னேன்.

"அங்க பொறந்த புள்ளைங்களயுமா?"

"பிள்ளைகளையும்தான்."

"அதுகளுக்கு எது மாஸ்டர் ஒங்க நாடு?"

பட்டம் வாங்கிய சரித்திர ஆசிரியன் நான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அதன் பிறகுதான் உம்முடைய கதையைச் சொன்னீர். தேயிலை விலை விழுந்தபோது தோட்டத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். உம்முடைய அப்பா, ஆத்தா, நீர், இடுப்பில் தங்கச்சி என்று நாலு பேரும் தலைமன்னாரில் கப்பலேறினீர்கள். திரும்பி வந்தது மூன்று பேர். தங்கச்சி அங்கேயே இறந்துவிட்டாள். "எங்கப்பா சாகிற வரைக்கும் பெரிய கங்காணியத்தான் திட்டினாரு. அந்தாளு நம்மளப் புடிக்காம பேர வெட்டிட்டான்னு. அமெரிக்காவுல விழுந்தது வந்து எங்க தலயில விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரியாமலே போச்சு. இத நம்ம ஆளுகளுக்குச் சொல்லணுங்க."

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உம்முடைய பள்ளிக்கூடத்தில் லயத்து வரிசைவீட்டுச் சனமெல்லாம் கூடியது. பலகையைக் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டீர். நான் பாடுபட்டு எழுதிக் கொடுத்த பேச்சைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதில் ஒரு வரிகூடப் பேசவில்லை. முதலில் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் நானும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நாடு முழுக்கச் சாராயமே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க" என்றீர்.

"அப்பறம் நாடு விழாம என்ன செய்யும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் அதிரச் சிரித்தார்கள்.

"பொம்பளைங்களுக்கு ஓட்டுக் குடுத்தாங்க" என்றீர்.

முன்வரிசையிலிருந்து மூக்காயி அக்கா எழும்பினார். கொழுந்தெடுப்பதில் அந்த மலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, பேசுவதிலும் இல்லை. "யாருக்கு வாத்தியாரே?"

"அமெரிக்காவுலக்கா."

"அவளுகளுக்குக் குடுத்தாங்க, நமக்கு இருந்தத இப்பப் புடுங்கிட்டாங்க. அப்ப நாம முன்னுக்குப் போறமா, பின்னுக்குப் போறமா?"

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. தோட்டச் சனத்தின் வாக்குரிமை பறிபோய் அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

நியூயோர்க்கில் பங்குகள் விழுந்ததைச் சொல்லி, அங்கே வைத்த விரலைச் சமுத்திரத்தின் மேலாக லண்டனுக்கு இழுத்தீர். பலகையில் லண்டனோடு உலகம் முடிந்துவிட்டது. நீர் நிறுத்தவில்லை. விரலைச் சுவரில் இழுத்துக்கொண்டே நடந்து, ஜன்னலைத் தாண்டி, மூலை திரும்பி, குனிந்து உம்முடைய காலடித் தரையைத் தொட்டீர். "இங்க வந்து விழுந்துச்சு. கொழுந்து வெல கொறஞ்சிச்சு. ஆளக் கொறைன்னாங்க. நாங்க மூட்டையக் கட்டினோம். இதுல எங்கப்பன் தப்பும் இல்ல, கங்காணி தப்பும் இல்ல." மூக்காயி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "நான் இத்தன காலமும் அந்தக் கங்காணி வம்சத்தையே சபிச்சிட்டேனே" என்றார். நான் முப்பது வருஷம் படிப்பித்தாலும் அப்படி ஒரு பாடம் என்னால் எடுக்கமுடியாது. அன்று அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வேறொரு குறைதான் பெரிதாகத் தெரிந்தது: நீர் ஓர் ஆண்டுகூடச் சொல்லவில்லை.

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு நான்தான் ஆசிரியர். 'அமெரிக்கா விழுந்த கதை' என்று அந்தப் பேச்சைக் கட்டுரையாக எழுதச் சொன்னேன். எழுதிக் கொண்டுவந்தீர். "எந்த ஆண்டு கப்பலேறினீர்? எந்த ஆண்டு திரும்பினீர்?" என்று கேட்டேன்.

"குதிரத் தொர காலத்துல போனோம். பைப்புத் தொர சீமைக்கு லீவுல போயிட்டு வந்த பொறகு வந்தோம்."

"அது ஆண்டில்லையே."

"எங்க ஆளுக வருஷத்த எண்ண மாட்டாங்க மாஸ்டர். தொரையத்தான் எண்ணுவாங்க. பொறப்பு, சாவு, கல்யாணம் எல்லாம் தொர பேருலதான்."

"ஆண்டு போடாட்டில் அது சரித்திரமில்லை, வெறுங்கதை" என்றேன். எவ்வளவு மிதப்பு பாரும். அத்தோடு விடவில்லை. தோட்டத்துக் கந்தோர்ச் சுவரில் தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைத் துரைமாரின் பெயரும் அவர்கள் இருந்த ஆண்டுகளும் எழுதிய பலகை ஒன்று இருந்தது. அங்கே பெரிய கிளாக்கர் எங்கள் ஊர்க்காரர். அவரிடம் அனுமதி வாங்கிப் பிரதி பண்ணினேன். எந்தப் பெயர் குதிரைத் துரை, எது பைப்புத் துரை, எது நாய்த் துரை என்று மூக்காயி அக்காவை உட்காரவைத்துக் கேட்டுக் குறித்தேன். நீங்கள் கப்பலேறியது குதிரைத் துரையின் கடைசி வருஷம், தங்கச்சி போனது அடுத்து வந்த பொங்கலோடு என்று உம்முடைய ஆத்தா சொன்னதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு தாளில் இடப்பக்கம் அமெரிக்கா, வலப்பக்கம் தோட்டம். பங்குகள் அடிமட்டத்துக்கு விழுந்தது, நீங்கள் கப்பலேறியது. அங்கே பாங்குகள் மூடியது, இந்தியாவில் உம்முடைய தங்கச்சி காய்ச்சலில் போனது. ஒன்றுக்கு எதிரே ஒன்று கச்சிதமாகப் பொருந்தி வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. போய் வந்த இடைவெளி ஐந்து வருஷம் என்று என் கையாலேயே கட்டுரையில் சேர்த்தேன். நீர் அச்சுப் பிரதியை வாங்கி, தங்கச்சியின் பெயருக்குப் பக்கத்திலிருந்த ஆண்டை விரலால் தடவினீர்.

இங்கே பிறந்திருந்தாலும் தோட்டச் சனம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவேண்டும் என்று சட்டம் வந்தபோது, உம்முடைய விண்ணப்பத்தை நிரப்பியதும் நான்தான். சிறு வயதில் இந்தியா போய் வந்ததாக ஒரு வரி எழுதினோம். எவ்வளவு காலம் என்று படிவத்தில் எழுதவில்லை. ஒளிக்கவேண்டும் என்று எழுதாமல் விட்டதல்ல. ஏழு வயசுப் பிள்ளை போய் வந்ததை யார் பெரிதாக எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தோம். விசாரணைக்கு அழைப்பு வரச் சில வருஷம் பிடித்தது.

அந்தக் காலை ஞாபகம் இருக்கிறதா? நீர் கோட்டு ஒன்றை இரவல் வாங்கிப் போட்டிருந்தீர். தோள் தொங்கியது. நான் சாட்சியாக வந்தேன். கக்கத்தில் ஆண்டு மலர். நீர் அதைக் கண்டுவிட்டு, "அது வேணாங்க மாஸ்டர்" என்றீர். "நீர் எவ்வளவு படிச்சவர், இந்த ஊரோட எவ்வளவு ஒட்டினவர் எண்டு அவைக்குத் தெரிய வேண்டாமோ? சும்மா இரும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

அதிகாரி நல்ல மனுஷர். களைத்துப்போயிருந்தார். வாசலில் இன்னும் முப்பது பேர் காத்திருந்தார்கள். பிறந்த இடம் கேட்டார், படிப்பைக் கேட்டார். இந்தியாவில் எத்தனை காலம் இருந்தீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டபோது நீர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னீர்: "குதிரத் தொர காலத்துல போனோங்க. பைப்புத் தொர காலத்துல வந்தோங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விழித்தார். அதிகாரி இலேசாகச் சிரித்தார். பேனையைத் தூக்கி அடுத்த கேள்விக்குப் போகப்போனார். போயிருப்பார், நண்பரே. இன்னொரு நிமிஷம் நான் கதிரையில் சும்மா இருந்திருந்தால் அவர் போயிருப்பார்.

நான் எழும்பினேன். "ஐயா, அதற்கு அச்சில் ஆதாரம் இருக்கிறது" என்று என்னுடைய நல்ல ஆங்கிலத்தில் சொல்லி, ஆண்டு மலரைப் பக்கம் திறந்து மேசையில் வைத்தேன். அதோடு நின்றேனா? இவர்கள் விரும்பிப் போகவில்லை, அமெரிக்காவில் நடந்த வீழ்ச்சியால் அனுப்பப்பட்டவர்கள் என்று விளக்கினேன். பங்குச் சந்தையைச் சொன்னேன், பாங்குகளைச் சொன்னேன், மண் புயலைக்கூட விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "இந்த ஆண்டுகள் சரிதானா?" என்று ஒன்று மட்டும் கேட்டார்.

"மிகச் சரி. நானே ஒத்துப் பார்த்தேன்."

அவர் குனிந்து ஒரு வரி எழுதினார். அதில் அமெரிக்கா இருக்கவில்லை.

முடிவு தபாலில் வந்தது. சட்டம் குறித்திருந்த நாளுக்கு முன்பு, கல்யாணம் ஆனவர் ஏழு வருஷம் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தால் போதும், ஆகாதவருக்குப் பத்து வேண்டும். உமக்கு ஒன்றரை வருஷம் குறைந்தது. "நான் அப்பவே பொண்ணு பாத்து வச்சேன், கேட்டாரா இந்த மனுசன்?" என்று மூக்காயி அக்கா லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார். மேன்முறையீட்டுக்கும் போனோம். என்னுடைய ஆண்டுகளை யாராலும் அசைக்க முடியவில்லை. அவ்வளவு திறமாக வேலை செய்திருந்தேன். நீர் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தீர். தற்காலிகமாக இருக்க அனுமதி தந்தார்கள். அதுவும் ஒரு நாள் முடிந்தது.

தெமோதரை ஸ்டேசனுக்கு உம்மை வழியனுப்ப வந்தேன். ஆத்தா இறந்து இரண்டு வருஷமாகியிருந்தது. உம்மிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளும்தான் இருந்தன. பலகையைப் பழைய சேலையில் சுற்றி என் கையில் கொடுத்தீர். "இத சுங்கத்துல காட்டினா என்னான்னு கேப்பாங்க. நீங்களே வச்சிக்கங்க." அந்த ஸ்டேசனின் அடியில் ரயில் குகை இருக்கிறது. பதுளையிலிருந்து வரும் வண்டி முதலில் நிற்பவர்களின் காலுக்குக் கீழே ஓடி, மலையைச் சுற்றி வளைந்து ஏறி, பிறகுதான் மேடைக்கு வரும். தரை அதிர்ந்தது. வண்டி வந்துவிட்டது, ஆனால் இன்னும் வரவில்லை. நமக்கு அந்தச் சில நிமிஷம் இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். நீர் முந்திக்கொண்டீர்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்லிடுறேன். அந்தப் பொஸ்தகத்த நீங்க எடுத்து வச்சதுல எனக்குக் கோவம். ரெண்டு மாசம் ஒங்க மூஞ்சியப் பாக்கவே புடிக்கல."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் இருக்கு" என்று சிரித்தீர். பிறகு சிரிப்பில்லாமல் சொன்னீர்: "ஆனா எந்தங்கச்சி செத்த வருஷம் எங்காத்தாவுக்கே தெரியாது. அத நீங்கதானே கண்டுபுடிச்சுக் குடுத்தீங்க. அங்க போயி அவளப் பொதச்ச எடத்துல ஒரு கல்லு நடணும். அதுல போட ஒரு வருஷம் இருக்குல்ல."

வண்டி வந்தது. நீர் ஏறிவிட்டீர். நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. அதற்குப் பிறகு நீர் எழுதிய நாலு கடிதங்களுக்கும் பதில் போட்டேன். மழை, விலைவாசி, பள்ளிக்கூடம் எல்லாம் எழுதினேன், அதைத் தவிர. கல் நட்டாயிற்று என்று மூன்றாவது கடிதத்தில் எழுதியிருந்தீர். இப்போது கேட்கிறேன். நான் பிழை சொல்லவில்லை, ஆனால் பிழை செய்தேன். என்னுடைய கெட்டித்தனத்தை நாலு பேர் காணவேண்டும் என்பதற்காக உம்முடைய ஊரை உம்மிடமிருந்து பறித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளும்.

பலகை காய்ந்ததும், இன்று மத்தியான பஸ்ஸில் தோட்டத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் எல்லாரும் லயத்தில் இருந்தார்கள். மூக்காயி அக்காவுக்கு இப்போது கொழுந்துக்குப் போகும் வயசில்லை. வாசலில் விறகு காயவைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். கையிலிருந்த விறகைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே குந்திக்கொண்டார். வெகுநேரம் அழுதார். பக்கத்துக் காம்பராக்களிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"எப்ப மாஸ்டர்?"

தபாலட்டை என் சட்டைப்பையில் இருந்தது. மாதம், தேதி, மணி எல்லாம் அதில் இருந்தது. புதிதாக வந்திருக்கும் சிங்களத் துரை கண்ணாடி போடுவதால் அவருக்குப் பெயர் கண்ணாடித் துரை. கீழ்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிப்போட்டிருப்பதை வரும்போதே கண்டிருந்தேன்.

"கண்ணாடித் துரை வந்து, முதற் கவ்வாத்து முடிஞ்ச நேரம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு விரலை மடக்கினார். "குதிரத் தொர காலத்துல பொறந்தாரு. நான்தான் மொதல்ல தூக்கினேன். பைப்புத் தொர காலத்துல படிச்சாரு. நாய்த் தொர காலத்துல வாத்தியாரானாரு. கண்ணாடித் தொர காலத்துல போயிட்டாரு." மடக்கிய நாலு விரலையும் என்னிடம் காட்டினார். "ஒரு தொரகூட விடல. நம்ம தோட்டத்து ஆளு மாஸ்டர். இங்கயேதான் இருந்தாரு."

நீர் செத்தது திருச்சிப் பக்கம், நடுவிலே ஐந்து வருஷமும் கடைசியில் சில வருஷமும் நீர் இங்கே இல்லை என்பதெல்லாம் எனக்கு நுனி நாக்கில் இருந்தது. சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இந்த முறை நான் எழும்பவில்லை, நண்பரே. "ஓம் அக்கா, இங்கேயேதான் இருந்தவர்" என்றேன்.